தானுந்துத் துணைக்கருவிகளின் நிலையான மின்னிணைப்பு

தானுந்துத் துணைக்கருவிகளின் நிலையான மின்னிணைப்பு என்பது, ஒரு வாகனம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பின்னர் அதில் பொருத்தப்படும் சிறு மின்கருவிகளை, சிகரெட் லைட்டர் துளையில் செருகாமல், வாகனத்தின் மின்சுற்றுடனேயே கம்பி மூலம் இணைத்தல் ஆகும். ரேடார் உணர்வி, டாஷ் கேமரா, இடங்காட்டும் கருவி, மூடுபனி விளக்கு முதலியன இவ்வாறு இணைக்கப்படுகின்றன. இக்கருவிகளுள் பெரும்பாலானவை ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே எடுப்பவை. ஆயினும் அவற்றுக்குச் செல்லும் மெல்லிய கம்பியின் மறுமுனையில், நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைத் தரவல்ல பேட்டரி உள்ளது. ஆகவே இணைப்பின் பாதுகாப்பு கருவியின் சிறுமையைப் பொறுத்ததன்று. கம்பியின் தடிமனையும், அக்கம்பி தொடங்கும் இடத்தில் உள்ள உருகியையும் பொறுத்தது.

இக்கட்டுரை இவ்விணைப்பின் அடிப்படைகளை, தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைச் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இதன் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் உள்ள ஊராட்சிகள் பலவும் "நாடு" என முடியும் பெயர்களைக் கொண்டவை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, பைல் நாடு ஆகியவை இவற்றுள் சில. மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி முதலிய விளைபொருட்கள் இங்கிருந்து வாகனங்களில் சமவெளிக்கு இறங்குகின்றன.

இத்தகைய மலைச்சாலை வாகனத்தின் மின்கம்பிகளைப் பல வகைகளில் சோதிக்கிறது. வளைவு தோறும் திசைமாற்றிச் சக்கரம் முழுமையாகத் திருப்பப்படுகிறது. அதன் தண்டின் அருகே தொங்கும் கம்பி ஒன்று இருப்பின் அது ஒவ்வொரு திருப்பத்திலும் உராயும். குறைந்த கியரில் நெடுநேரம் ஏறுவதால் இயந்திர அறை வெப்பமடைகிறது. மழையும் மூடுபனியும் இணைப்புகளில் ஈரத்தைச் சேர்க்கின்றன. பழுது ஏற்படின் வாகனத்தை ஒதுக்கி நிறுத்த இடமும் குறைவு. சமவெளிச் சாலையில் பல மாதங்கள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடிய ஒரு தவறான இணைப்பு, மலைச்சாலையில் விரைவில் வெளிப்பட்டுவிடும்.

மலையின் அடிவாரப் பகுதியான நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், அண்மையில் உள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. தொழிற்சாலையிலிருந்து அடிச்சட்டமாக வந்த வண்டிக்கு விளக்கு, ஒலிப்பான், மின்விசிறி ஆகியவற்றைப் பின்னர் இணைப்பது இத்தொழில்களின் ஒரு பகுதியாகும்.

ரேடார் உணர்வி

நிலையான இணைப்புப் பற்றிய கையேடுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டாக வரும் கருவி ரேடார் உணர்வி ஆகும். காவல்துறையினர் வேகத்தை அளக்கப் பயன்படுத்தும் ரேடார் துப்பாக்கியின் அலைகளை உணர்ந்து இது ஓட்டுநருக்கு ஒலியெழுப்பும்.

ரேடார் துப்பாக்கி, 1842 ஆம் ஆண்டு கிறித்தியன் டாப்ளர் விளக்கிய டாப்ளர் விளைவின் அடிப்படையில் இயங்குகிறது. நகரும் வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறுபடும். இம்மாற்றம் வாகனத்தின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, 24.15 கிகாஹெர்ட்சு அலை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நெருங்கும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் ஏறத்தாழ 2,680 ஹெர்ட்சு கூடுகிறது.

துப்பாக்கிக்குத் திரும்பிவரும் அலை இருமுறை பயணப்பட்டு மிக வலுவிழந்தது. உணர்விக்கு வருவதோ நேரடி அலை. இதனால் துப்பாக்கி வேகத்தை அளக்கும் தொலைவுக்கு அப்பாலேயே உணர்வி அலையைக் கண்டுகொள்ள முடிகிறது. எனினும் இதற்கு வரம்புகள் உண்டு:

• இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. கொண்டை ஊசி வளைவுகளில் மலையே அவற்றை மறைத்துவிடும்.
• இந்தியக் காவல்துறையினர் லேசர் வேகமானிகளையும் பயன்படுத்துகின்றனர். லேசர்க் கற்றை மிகக் குறுகியது. அதை உணர்வி அறியும் வேளையில் வேகம் பெரும்பாலும் அளக்கப்பட்டுவிட்டிருக்கும்.
• இரு இடங்களுக்கு இடையிலான பயண நேரத்தைக் கேமரா மூலம் கணக்கிடும் முறையில், உணர்வதற்கு ரேடார் அலையே இல்லை.

ஆகவே கொல்லிமலை போன்ற சாலையில் இக்கருவியால் விளையும் பயன் மிகக் குறைவு. அங்கு டாஷ் கேமராவும் மூடுபனி விளக்கும் இடங்காட்டும் கருவியுமே பொருள் உடையவை. ஆனால் இணைப்பு விதிகள் இவை அனைத்துக்கும் ஒன்றே.

வாகன மின்சுற்றின் அமைப்பு

சிறு தானுந்துகளில் 12 வோல்ட்டு ஈய-அமில பேட்டரி பயன்படுகிறது. முழுமையாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும்போது இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு. இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை தந்து பேட்டரியை மின்னேற்றுகிறது.

பேட்டரியின் எதிர்முனை வாகனத்தின் உலோக உடற்சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இதனால் ஒவ்வொரு கருவிக்கும் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி சென்றால் போதும். மின்னோட்டம் உடற்சட்டத்தின் வழியே திரும்பிவிடும். இதை வாகன மின்பணியாளர் "பாடி எர்த்" என்பர். செம்பைச் சிக்கனப்படுத்தும் இவ்வமைப்பே ஆபத்துக்கும் காரணமாகிறது. நேர்முனைக் கம்பியின் உறை எங்கேனும் கிழிந்து உலோகத்தைத் தொட்டால், அந்த இடத்திலேயே சுற்று முழுமையடைந்துவிடும்.

மின்சுற்றில் உள்ள இணைப்பு முனைகள் சாவியின் நிலையைப் பொறுத்து மூவகைப்படும்:

• எப்போதும் மின்னூட்டம் உள்ளவை. சாவியை எடுத்த பின்னும் இவற்றில் மின்னழுத்தம் இருக்கும். செருமானியத் தரக் குறியீட்டில் இது 30 எனக் குறிக்கப்படும்.
• சாவியை இயக்க நிலைக்குத் திருப்பினால் மட்டும் மின்னூட்டம் பெறுபவை. இதன் குறியீடு 15.
• துணைக்கருவி நிலையில் மின்னூட்டம் பெறுபவை. வானொலி போன்றவை இதைச் சார்ந்தவை. இயந்திரத்தைக் கிளப்பும் சில நொடிகளில் இம்முனைகளில் மின்னூட்டம் நின்று மீண்டும் வரும்.

எர்த் முனையின் குறியீடு 31 ஆகும்.

ஆபத்தின் தன்மை

கீழ்க்காணும் கணக்கு இணைப்பில் உள்ள ஆபத்தின் அளவைக் காட்டுகிறது.

டாஷ் கேமரா ஒன்றுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுடைய செம்புக் கம்பி 3 மீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இக்கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். கேமரா 0.25 ஆம்பியர் எடுக்கும்போது கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.03 வோல்ட்டுக்கும் குறைவு. கம்பி சிறிதும் சூடாகாது. இந்நிலையில் இணைப்பு முற்றிலும் பாதுகாப்பானதாகத் தோன்றும்.

இப்போது கம்பியின் கேமரா முனையில் உறை கிழிந்து உடற்சட்டத்தைத் தொடுவதாகக் கொள்வோம். கம்பியின் 0.1 ஓம் தடையுடன் பேட்டரியின் உள்தடையும் இணைப்புகளின் தடையும் சேர்ந்து மொத்தம் 0.12 ஓம் எனக் கொண்டால்,

மின்னோட்டம் = 12.6 ÷ 0.12 = ஏறத்தாழ 105 ஆம்பியர்
கம்பியில் வெளிப்படும் வெப்பம் = 105 × 105 × 0.1 = ஏறத்தாழ 1,100 வாட்டு

இது ஒரு மின் இஸ்திரிப்பெட்டியின் வெப்பத்துக்கு ஒப்பானது. ஆனால் இக்கம்பியில் உள்ள செம்பின் எடை ஏறத்தாழ 13 கிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய பொருளில் இவ்வெப்பம் சேரும்போது அதன் வெப்பநிலை நொடிக்குச் சுமார் 200 பாகை செல்சியசு வீதம் உயரத் தொடங்கும். சாதாரண பி.வி.சி. உறை 100 பாகை அளவிலேயே மென்மையடைந்துவிடுவது. எனவே ஒரே நொடியில் உறை உருகி, அருகே உள்ள மற்றக் கம்பிகளின் உறையையும் கெடுக்கும். கூரைத் துணி, கம்பளம், தூசு ஆகியவை தீப்பற்றுவதற்கு இது போதுமானது.

கேமரா எடுப்பது கால் ஆம்பியர் மட்டுமே என்பது இக்கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறுக்குச்சுற்று நேரும்போது மின்னோட்டத்தை முடிவுசெய்வது கருவி அன்று, பேட்டரியும் கம்பியுமே.

உருகி

பேச்சுவழக்கில் பியூஸ் எனப்படும் உருகி, மின்னோட்டம் வரம்பை மீறும்போது தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் சிறு உலோகத் தகடு ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கம்பியின் தொடக்கத்தில் 2 ஆம்பியர் உருகி ஒன்று இருந்திருப்பின், 105 ஆம்பியர் பாயத் தொடங்கியதும் நொடியின் சிறு பகுதிக்குள் அது உருகிச் சுற்றைத் துண்டித்திருக்கும். கம்பி சூடாவதற்கு நேரமே இருந்திராது.

உருகியைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, உருகி காப்பது கருவியை என்பது. உண்மையில் அது முதன்மையாகக் காப்பது கம்பியை. ஆகவே உருகியின் மதிப்பு, சுற்றில் உள்ள மிக மெல்லிய கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டத்தைத் தாண்டக்கூடாது. சிகரெட் லைட்டருக்கு உரிய 15 ஆம்பியர் உருகியின் பின்னிருந்து மெல்லிய கம்பி ஒன்றைத் தனி உருகியின்றிப் பிரித்தெடுத்தால், அக்கம்பியில் 14 ஆம்பியர் நெடுநேரம் ஓடினாலும் உருகி உருகாது. கம்பி மட்டும் மெல்லச் சூடாகும்.

இரண்டாவது, உருகியைக் கம்பியில் எங்கு வைத்தாலும் ஒன்றே என்பது. பேட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்கு எவ்விதக் காப்பும் இல்லை. உருகியைக் கருவியின் அருகில் வைத்தால் கம்பியின் முழுநீளமும் காப்பற்றதாகிவிடும். மின்னெடுக்கும் முனைக்கு இயன்றவரை அருகில், சில அங்குலங்களுக்குள் அது அமைய வேண்டும்.

தகட்டு உருகிகளின் மதிப்பு அவற்றின் நிறத்தால் அறியப்படுகிறது:

• 2 ஆம்பியர்: சாம்பல்
• 3 ஆம்பியர்: ஊதா
• 5 ஆம்பியர்: வெளிர் பழுப்பு
• 7.5 ஆம்பியர்: பழுப்பு
• 10 ஆம்பியர்: சிவப்பு
• 15 ஆம்பியர்: நீலம்
• 20 ஆம்பியர்: மஞ்சள்
• 25 ஆம்பியர்: நிறமற்றது
• 30 ஆம்பியர்: பச்சை

உருகி உருகியபின் அதனிடத்தில் கூடுதல் மதிப்புள்ள உருகியையோ, செம்புக் கம்பித் துண்டையோ, சிகரெட் பெட்டியின் உலோகத்தாளையோ வைப்பது மிக ஆபத்தானது. உருகி உருகியது ஒரு பழுதின் அறிகுறி. பழுதைக் கண்டறியாமல் உருகியை வலுப்படுத்தினால், அடுத்து உருகப்போவது கம்பியே ஆகும்.

மின்னெடுக்கும் இடம்

வாகனத்தின் உள்ளே, பெரும்பாலும் ஓட்டுநரின் கால் பகுதிக்கு மேல், உருகிப் பெட்டி அமைந்திருக்கும். சிறு கருவிகளுக்கு மின்னெடுக்க ஏற்ற இடம் இதுவே. இதற்கெனக் கடைகளில் கிடைக்கும் கிளைத் தாங்கி ஒன்றைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே உள்ள உருகியைக் கழற்றி, அவ்விடத்தில் தாங்கியைச் செருகி, பழைய உருகியையும் புதிய கருவிக்கான உருகியையும் அதன் இரு தட்டுகளில் வைக்க வேண்டும்.

தாங்கியைச் செருகும் திசை முக்கியமானது. அதன் பொதுக்கால் மின்னூட்டம் வரும் பக்கத்தில் அமைய வேண்டும். அப்போது இரண்டு சுற்றுகளும் தத்தம் உருகி வழியாகத் தனித்தனியே மின்னோட்டம் பெறும். திசை மாறினால் இரண்டின் மின்னோட்டமும் பழைய உருகி வழியாகவே செல்லும்.

கீழ்க்காணும் சுற்றுகளிலிருந்து மின்னெடுத்தல் கூடாது:

• காற்றுப்பை
• தடைப்பூட்டுத் தவிர்ப்பு முறைமை
• இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருள் ஏற்றி
• முகப்பு விளக்கு, நிறுத்த விளக்கு, ஒலிப்பான்

இவற்றில் ஒன்று கொண்டை ஊசி வளைவில் செயலிழந்தால் விளையும் கேடு, கருவியால் கிடைக்கும் நன்மையை விடப் பன்மடங்கு பெரிது. வானொலி, துணைக்கருவித் துளை ஆகியவற்றின் சுற்றுகள் இதற்கு ஏற்றவை. ஏற்கெனவே உள்ள கம்பியின் உறையைச் சீவி, புதிய கம்பியை முறுக்கி, ஒட்டுநாடா சுற்றும் பழக்கமும் தவிர்க்கப்பட வேண்டும். வெப்பத்தில் நாடாவின் பசை இளகி நழுவிவிடும்.

கம்பியும் இணைப்புகளும்

வாகனங்களில் பல மெல்லிய இழைகளைக் கொண்ட கம்பியையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சுற்றுக்கான ஒற்றை இழைக் கம்பி அதிர்வினால் நாளடைவில் முறிந்துவிடும். குறுகிய தொலைவுகளுக்குப் பின்வரும் அளவுகள் பாதுகாப்பான வழிகாட்டலாகக் கொள்ளத்தக்கவை:

• 0.5 சதுர மில்லிமீட்டர்: 5 ஆம்பியர் வரையிலான உருகி
• 1.0 சதுர மில்லிமீட்டர்: 10 ஆம்பியர் வரை
• 1.5 சதுர மில்லிமீட்டர்: 15 ஆம்பியர் வரை
• 2.5 சதுர மில்லிமீட்டர்: 20 ஆம்பியர் வரை

இணைப்புகளை உரிய கருவியால் நெரித்து இணைக்கும் முறையே சிறந்தது. ஈயப் பற்றாசு ஊற்றிய இடத்தில் கம்பி விறைப்பாகிவிடுவதால், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு குவிந்து முறிவு நேரலாம்.

எர்த் இணைப்பை வண்ணப்பூச்சு நீக்கப்பட்ட, துருவற்ற உலோகப் பரப்பில், வளைய முனை கொண்டு திருகாணியால் இறுக்க வேண்டும். இருக்கை வார், காற்றுப்பை ஆகியவற்றின் திருகாணிகளைத் தொடுதல் கூடாது. எர்த் தளர்வாக இருப்பின் கருவி விட்டுவிட்டு இயங்கும். மழைக்காலத்தில் மட்டும் தோன்றி மறையும் பழுதுகள் பல இவ்வகையைச் சார்ந்தவை.

மூடுபனி விளக்கும் ரிலேயும்

55 வாட்டு திறனுள்ள இரண்டு மூடுபனி விளக்குகள் சேர்ந்து எட்டு ஆம்பியருக்கும் மேல் எடுக்கின்றன. இவ்வளவு மின்னோட்டத்தைச் சிறு பொத்தான் வழியாகச் செலுத்தினால் அதன் தொடுமுனைகள் கருகிவிடும். ஆகவே ரிலே பயன்படுத்தப்படுகிறது. பொத்தான் ரிலேயின் மின்காந்தச் சுருளை மட்டும் இயக்கும். மின்காந்தம் இழுக்கும் தடித்த தொடுமுனை விளக்குக்கான மின்னோட்டத்தைச் செலுத்தும். ரிலேயில் 85, 86 ஆகியவை சுருளின் முனைகள். 30 பேட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குச் செல்வது.

மெல்லிய கம்பி தீவிபத்துக்கு மட்டுமன்றி வேறொரு குறைக்கும் காரணமாகிறது. 4 மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் 8.5 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கும் மேல் இழப்பு ஏற்படும். ஆலசன் விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. மின்னழுத்தம் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தால் ஒளி கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். மூடுபனிக்காகப் பொருத்திய விளக்கு மூடுபனியிலேயே மங்கலாக எரிவதற்கு இதுவே காரணம். 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் இவ்விழப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

கம்பி செல்லும் பாதை

டாஷ் கேமராவும் ரேடார் உணர்வியும் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் பொருத்தப்படுவதால், கம்பி உருகிப் பெட்டியிலிருந்து கண்ணாடியின் பக்கத் தூண் வழியாக மேலேற வேண்டியுள்ளது. இத்தூணினுள் திரைக் காற்றுப்பை இருப்பின், கம்பி அதன் முன்புறமாகச் செல்லாமல் பின்புறமாகச் செல்ல வேண்டும். முன்புறம் சென்றால் விபத்தின்போது விரியும் காற்றுப்பையைக் கம்பி தடுக்கலாம். கம்பியும் உறையும் பயணியின் மீது வீசப்படலாம். காற்றுப்பைக் கம்பிகள் பொதுவாக மஞ்சள் நிற இணைப்பிகளைக் கொண்டிருக்கும்.

பிற விதிகள்:

• திசைமாற்றித் தண்டு, மிதிகள், இருக்கைத் தடம் ஆகியவற்றின் அருகே தொங்கும்படி விடக்கூடாது.
• உலோகத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் பொருத்த வேண்டும்.
• இயந்திர அறையில் நெளிகுழாயினுள் செலுத்தி, புகைபோக்கிக் குழாயிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும்.
• கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் இடத்தில் கருவியைப் பொருத்தக்கூடாது. வளைவுகளில் எதிர்வரும் வாகனம் பக்கத் தூணை ஒட்டியே முதலில் தென்படுகிறது.

இணைக்கும் முறை

1. சாவியை எடுத்துவிட்டு, வாகனத்தின் கையேட்டில் உருகிப் பெட்டியின் வரைபடத்தைப் பார்த்தல்.
2. மல்டிமீட்டர் கொண்டு, சாவியை எடுத்த நிலையிலும் திருப்பிய நிலையிலும் மின்னழுத்தத்தை அளந்து தகுந்த முனையைத் தெரிவு செய்தல்.
3. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுதல். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடற்சட்டத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். எதிர்முனையில் அவ்வாபத்து இல்லை.
4. காற்றுப்பை அமைப்பில் தேங்கியுள்ள மின்னூட்டம் வடியச் சில நிமிடங்கள் காத்திருத்தல்.
5. கம்பியைக் கருவியிலிருந்து உருகிப் பெட்டி வரை இழுத்து, இடையிடையே கட்டுதல்.
6. எர்த் இணைப்பை இறுக்குதல்.
7. உருகியின்றித் தாங்கியைப் பொருத்துதல்.
8. பேட்டரி முனையை மீண்டும் இணைத்து, இறுதியாக உருகியைச் செருகுதல்.
9. கருவியின் இயக்கத்தையும், சாவியை எடுத்தபின் அது நிற்பதையும் சரிபார்த்தல்.
10. முதல் நெடும்பயணத்துக்குப் பின் கம்பியும் தாங்கியும் சூடாகியுள்ளனவா என்று பார்த்தல்.

பேட்டரி வடிதல்

எப்போதும் மின்னூட்டம் உள்ள முனையில் இணைக்கப்பட்ட கருவி, வாகனம் நிற்கும்போதும் மின்னோட்டம் எடுக்கும். 0.25 ஆம்பியர் எடுக்கும் கேமரா ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி எடுத்துவிடும். சிறு தானுந்தின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாட்களில் பாதியாகிவிடும். ஆடி 18 அன்று நடைபெறும் வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்கு வந்து சில நாட்கள் தங்குவோரின் வாகனம், திரும்பும் நாளில் கிளம்பாமல் போவதற்கு இது போதும். மேலும், அடிக்கடி ஆழமாக வடியும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் குறைகிறது.

இதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. சாவியுடன் நின்றுவிடும் முனையில் இணைத்தல் எளிய வழி. நிறுத்தத்திலும் பதிவு தேவையெனில், மின்னழுத்தம் ஏறத்தாழ 12 வோல்ட்டுக்குக் கீழிறங்கும்போது தானே துண்டிக்கும் அமைப்புடைய மாற்றியைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான கேமராக்கள் 5 வோல்ட்டில் இயங்குவதால், 12 வோல்ட்டைக் குறைக்கும் இம்மாற்றி எப்படியும் தேவைப்படும். 12 வோல்ட்டில் இயங்கும் ரேடார் உணர்விகளுக்கு இது தேவையில்லை.

லாரிகளும் மின் வாகனங்களும்

லாரி, பேருந்து ஆகியவற்றில் இரண்டு 12 வோல்ட்டு பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட்டு பெறப்படுகிறது. 12 வோல்ட்டுக் கருவியை இதில் நேரடியாக இணைத்தால் அது எரிந்துவிடும். இரண்டு பேட்டரிகளின் நடுமுனையிலிருந்து 12 வோல்ட்டு எடுப்பதும் தவறு. ஒரு பேட்டரி மட்டும் வடிந்து, மற்றது மிகையாக மின்னேறி, இரண்டுமே விரைவில் கெடும். உரிய மாற்றியையே பயன்படுத்த வேண்டும்.

ஓடும் இயந்திரத்தில் பேட்டரி முனை தளர்ந்து கழன்றால், மின்னாக்கியின் மின்னழுத்தம் ஒரு கணம் பன்மடங்கு உயரக்கூடும். 12 வோல்ட்டு அமைப்பில் இது 80 முதல் 100 வோல்ட்டு வரை செல்லலாம். வாகனத்துக்கென வடிவமைக்கப்பட்ட கருவிகளில் இதற்கான காப்பு இருக்கும்; மலிவான மாற்றிகளில் இல்லாமல் போகலாம்.

மின் வாகனங்களில் செம்மஞ்சள் நிற உறையுடைய கம்பிகள் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றை எக்காரணம் கொண்டும் தொடலாகாது. துணைக்கருவிகளை அவ்வாகனங்களின் தனி 12 வோல்ட்டுச் சுற்றில் மட்டுமே இணைக்க வேண்டும்.

சட்ட நிலை

சிங்கப்பூரிலும், அமெரிக்காவின் வர்சீனியா மாநிலம், வாசிங்டன் டி.சி. ஆகிய இடங்களிலும் ரேடார் உணர்வி தடைசெய்யப்பட்டுள்ளது. பிரான்சிலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் தடை உண்டு. உணர்வி அலையைக் கேட்கும் கருவி மட்டுமே. அலையைக் குழப்பும் தடுப்பான் இதனின் வேறானது. அதைத் தனியார் பயன்படுத்துவது இந்தியாவில் குற்றமாகும்.

இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, வாகனத்தைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்பை மின்னணு முறையில் கண்காணிக்க வழிசெய்கிறது. 2019 சூலை 1 முதல் தயாரிக்கப்படும் தானுந்துகளில், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது விட்டுவிட்டும், 120 கிலோமீட்டரைத் தாண்டும்போது தொடர்ந்தும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநருக்கு வேகத்தை நினைவூட்டும் கருவி தேவையெனில் அது ஏற்கெனவே வாகனத்தில் உள்ளது.

பயணிகள் பொதுப்போக்குவரத்து வாகனங்களுக்கான இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் ஏ.ஐ.எஸ். 140 என்னும் தரத்துக்கு உட்பட்டவை. இக்கருவியின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டால் அது எச்சரிக்கை அனுப்பும். ஆகவே வேறு கருவிகளை அதன் கம்பியிலிருந்து கிளைபிரித்து இணைத்தல் கூடாது.

கருகல் நாற்றம் எழுந்தால்

வாகனத்தினுள் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைத்தடை இட்டு, சாவியை எடுத்து, அனைவரும் இறங்கி விலக வேண்டும். சரிவில் சக்கரத்துக்குக் கல் வைத்தல் நலம். எப்போதும் மின்னூட்டம் உள்ள முனையில் இணைப்பு இருப்பின் சாவியை எடுப்பதால் மின்னோட்டம் நிற்காது. புகை சிறிதாகவும் பேட்டரி எட்டக்கூடியதாகவும் இருந்தால் மட்டுமே எதிர்முனையைக் கழற்றலாம். முன்மூடியின் கீழ் தீ எரிவது தெரிந்தால் மூடியை முழுவதும் திறக்கக்கூடாது. காற்றுப் புகுந்து தீ ஓங்கும். உலர்தூள் தீயணைப்பான் மின்தீக்கு ஏற்றது. மின்னூட்டம் உள்ள நிலையில் தண்ணீர் ஊற்றுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• ஓமின் விதி
• உருகி
• ஈய-அமில மின்கலம்
• டாப்ளர் விளைவு
• கொல்லிமலை
• நாமக்கல் மாவட்டம்